கடிகாரத்தில் மூன்று வினாடி

பஹ்ரைனில் எங்கள் கிளப்புக்கு வந்த கூடைப்பந்து கோச் ஒரு செர்பியர். எண்பதுகளில் அவர் நாட்டை யூகோஸ்லாவியா என்றே சொல்வோம். பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய அணிகளை நடத்தியவர், அன்று எங்கள் பையன்களுக்குக் கால் வைக்கும் முறையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அதை அருகிலிருந்து பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

பகலில் வங்கி வேலை. மாலையில் கிளப்பின் ஆட்டக் கடிகாரம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. "ஏனுங்க, காலேஜ்ல உங்கள பெஞ்சுலயே உக்கார வெச்சாங்கன்னு இங்க வந்து பழி தீர்க்கறீங்களாக்கும்" என்பாள் மனைவி. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஈசா டவுன் வீட்டில் கோச்சுக்கும் சேர்த்துச் சமைப்பவளும் அவள்தான்.

பயிற்சி முடியும்போது கோச் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பார். பந்தை வாங்கு, திரும்பு, இரண்டு தட்டு, எறி. எவ்வளவு விரட்டினாலும் அதற்கு நான்கு வினாடி ஆகும். கடிகாரம் பிடித்த எனக்கும் அவருக்கும் அது மனப்பாடம்.

முதல் வருட இறுதி ஆட்டம். கோப்பை இல்லையென்றால் கோச் கலாஸ், ஊருக்கு டிக்கெட் என்று கிளப் தலைவர் சொல்லியிருந்தார். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். மிச்சம் மூன்று வினாடி. வாங்கியதும் எறி என்றுதான் கோச் சொல்லி அனுப்பினார். பதற்றத்தில் பையன் பழகியதையே செய்தான். பந்து அவன் கையில் பட்டதும் நான் கடிகாரத்தை ஓடவிட்டிருக்க வேண்டும். அவன் திரும்பி முடிக்கும்வரை விடவில்லை. தெரிந்தேதான். கூடை விழுந்த பிறகே மணி ஒலித்தது.

எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, கோச் மட்டும் என் மேசைக்கு வந்தார்.

"எப்போது ஓடவிட்டாய்?"

"பந்து பட்டதும்."

அவர் நேரே நடுவரிடம் போய், இந்தக் கூடை நேரத்துக்குள் விழுந்திருக்க முடியாது என்றார். ஜெயித்தவரே வந்து இப்படிச் சொல்வதைக் கேட்டு நடுவர் சிரித்துவிட்டார். பேருக்கு என்னையும் கேட்டார். அதே பொய்யைச் சொன்னேன். கோப்பை எங்களுக்கு வந்தது. கோச்சின் வேலையும் தப்பியது.

மறுநாள் அவர் கடிகாரத்தை வேறொருவரிடம் கொடுத்தார். என்னைத் துரத்துவார் என்று நினைத்தேன்.

"இனிமேல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார். உன் கைகள் என் கண்ணில் படட்டும்."

உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு வருடமும் கோப்பை எங்களுடையதுதான். அவற்றில் ஒரு வினாடிகூடத் திருட்டு இல்லை. கல்லூரியில் பெஞ்சுக்குக் கூசியவன், அவருக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்து, அந்தப் பெஞ்சில் தலை நிமிர்ந்திருந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

போன வருடம் தொலைக்காட்சியில் அவருடைய பேட்டி வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. வளைகுடாவில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்டார்கள்.

"இரண்டு கோப்பை" என்றார்.

பக்கத்திலிருந்த என் மகன் நிமிர்ந்தான். "மூணுன்னுதானே சொல்வீங்கப்பா? வயசாச்சு, மறந்துட்டாரு போல."

"அவர் மறக்கலடா, ரெண்டுதான்" என்றேன். டிவியை அணைத்துவிட்டு, அந்த முதல் கோப்பை எப்படி வந்தது என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.