நாலாவது ஓசை

அந்த ஊர் பஸ் டிப்போவில் விசிலக்காவைத் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். டிப்போ கொடுத்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதோடு சரி, ஒரு நாளும் ஊதியதில்லை. உதட்டைக் குவித்தால் பஸ் நிற்கும், மறுபடி குவித்தால் கிளம்பும். "பொம்பளை விசிலடிச்சா வீடு விளங்காது" என்று சொன்ன ஒரு பெரிய மனிதரை, அவர் இறங்க வேண்டிய இடத்தில் விசிலடிக்காமலே கொண்டுபோய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டாள் என்று ஒரு கதை உலவியது. நடந்ததோ இல்லையோ, அவள் மறுத்ததில்லை.

டிப்போவின் பின்சுவருக்கு அப்பால் நாணல் அடர்ந்த சதுப்பு. மழைத்தண்ணீரும் பஸ் கழுவிய தண்ணீரும் ஒன்றாகத் தேங்கி, யாரும் கேட்காமலே பச்சைப்பசேல் என்று வளர்ந்துவிட்ட இடம். முதல் டிரிப் ஐந்தே முக்காலுக்கு. அவள் ஐந்து மணிக்கே வந்துவிடுவாள். பனியில் நனைந்த பஸ்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். டீ கிளாசோடு சுவரில் கல் பெயர்ந்த இடத்தில் போய் நிற்பாள். எதிரே நாணல் தெரியாது, வெள்ளையாகப் பனி மட்டும் தெரியும். தான் எழுந்து வந்துவிட்டோமா, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறோமா என்பதே அந்த நேரத்தில் அவளுக்குச் சரியாக நிச்சயமாகாது. அந்த நிச்சயமில்லாமை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்போது மெல்ல விசிலடிப்பாள். மூன்று ஓசை. இருட்டில் படியிறங்குகிறவர் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்குவது போல, ஒன்றைவிட ஒன்று தாழ்ந்து வரும்.

அது ஒளிஞ்சானின் குரல். டிப்போக்காரர்கள் அந்தப் பறவைக்கு வைத்த பெயர் அது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பழுப்புக் குருவி, வாழ்நாளெல்லாம் நாணலுக்குள்ளேயே ஒளிந்து திரியும். பார்த்தவர் மிகக் குறைவு. உலகத்தில் மிஞ்சியிருப்பதும் குறைவு. ஜோடியில் ஒன்று மூன்று ஓசை கொடுத்தால், மற்றது எங்கோ தள்ளியிருந்து நாலாவதைச் சொல்லி முடித்து வைக்கும். அந்த நாலாவது, ஊசியில் கோக்கிற நூலைவிட மெல்லிசு. மனித வாயால் ஆகாது. விசிலக்காவாலேயே ஆகாதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் மூன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். நாலாவது வந்து காதில் விழும். டீயின் மிச்சத்தைக் குடித்துவிட்டு டிக்கெட் மெஷினை எடுக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலிருந்து பறவை டீச்சர் நோட்டும் கையுமாக வருவார்.

"இந்த வாரம் எப்படிக்கா?"

"தினமும் கேட்டேன் டீச்சர்."

டீச்சர் எழுதிக்கொள்வார். அந்தச் சதுப்பில் ஒளிஞ்சான் இருக்கிறது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

இதில் ஒரு சங்கடம். அதைச் சொல்ல அவளுடைய வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவரெல்லாம் கடிகாரம், ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த நேரத்தைக் காட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மேஜைமேல் பழுதுக்கு வந்த கைக்கடிகாரம் ஒன்று கீகீ என்று அலாரம் அடித்தது. அவள் அதற்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பொத்தானை அமுக்கினார். அவர் விரல் பொத்தானிலிருந்து விலகுவதை ஓரக்கண்ணால் கண்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது. மெல்லிசான ஓசைகளை ஒவ்வொன்றாகக் கைகழுவிக்கொண்டிருக்கிறது. அவள் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றாமலே ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்ற, கல்யாணமாகி வருஷக்கணக்கானவர்களால்தான் முடியும்.

அப்படியானால் விடியற்காலையில் கேட்கிற நாலாவது ஓசை எங்கிருந்து வருகிறது? நாணலிலிருந்தா, தன் மண்டைக்குள்ளிருந்தா? அந்தக் கேள்வியை அவள் பனியிலேயே விட்டு வைத்திருந்தாள்.

அந்த வருஷம் கோடையில் டிப்போ வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஸ் நிறுத்த இடம் போதவில்லை, பின்பக்கச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். டீச்சர் நோட்டைத் தூக்கிக்கொண்டு டிப்போ ஆபீசரிடம் ஓடினார். ஆபீசர் கெட்டவரில்லை. நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

"கேட்டேன் கேட்டேன்னு நோட்டுல யாரு வேணும்னாலும் எழுதலாமே டீச்சர். குரலைப் பதிவு பண்ணிக் கொண்டாங்க. மழைக்கு முன்னாடி கொண்டாந்தா நானே வேலையை நிறுத்தச் சொல்றேன்."

அதற்கென்று கருவி இருக்கிறதாம். செங்கல் அளவு பெட்டி. கம்பத்தில் கட்டிவிட்டால் இரவு பகல் பார்க்காமல் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்குமாம். மூன்று பெட்டியாவது வேண்டும். விலையைச் சொன்னபோது டீச்சரின் குரலே இறங்கிவிட்டது. கல்லூரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"நான் வசூல் பண்ணித் தர்றேன்" என்றாள் விசிலக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் பொய்யைப் பிடிக்கிற பெட்டிக்குத் தானே பணம் சேர்ப்பதாவது! சொந்தச் செலவில் சூனியம் என்பது வேறென்ன? ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. அந்தப் பெட்டிக்குக் காது நன்றாக இருக்கும். அது சொல்லட்டும்.

கடைசி நிறுத்தத்தில் பஸ் பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளை போட்டு எடுத்துக்கொண்டு அவள் படியில் நிற்பாள்.

"ஒளிஞ்சான் மாதிரி கூப்பிடப் போறேன். பிடிச்சிருந்தா போடுங்க. பிடிக்கலைன்னா வாயை மூடச் சொல்லிப் போடுங்க."

"குருவிக்கு எதுக்குக்கா மைக்கு? எலெக்ஷன்ல நிக்கப் போகுதா?" என்றான் ஒரு ஆள்.

"நின்னாலும் நிக்கும். உன்னைவிட நாலு ஓட்டு கூட வாங்கும். போடு."

சிரித்துக்கொண்டே போட்டான். மூன்று ஓசையைக் கேட்டதும் சிரிப்பு அடங்குவதை அவள் ஒவ்வொரு தடவையும் கவனித்தாள். வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு "இன்னொரு தடவை" என்றாள். ஆளுக்கு ஒரு சதுப்பு உள்ளே இருந்தது போலிருக்கிறது. வீட்டுக்காரரும் தன் பங்குக்குக் கடை வாசலில் அட்டை தொங்கவிட்டார்: "ஞாயிறு ரிப்பேர் கூலி குருவிக்கு." கேட்டால், "என் பொண்டாட்டி டப்பா ஏந்தறப்போ நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

மூன்று பெட்டிக்குச் சேரவில்லை, இரண்டுக்குச் சேர்ந்தது. டீச்சர் முழங்கால் சேற்றில் இறங்கி, நாணலுக்கு நடுவே இரண்டு கம்பம் நட்டுக் கட்டினார். மூன்று வாரம் கழித்து எடுப்பதாக ஏற்பாடு. அந்த மூன்று வாரமும் விசிலக்கா வழக்கம்போலச் சுவரோரம் நின்று மூன்றைக் கொடுத்தாள். நாலாவது காதில் விழுந்தது. ஆனால் இப்போது பெட்டியும் கூடவே கேட்கிறது என்ற நினைப்பில், அது விழுந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். பனி பழைய பனியாக இல்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் டைம்கீப்பர் அறையில் கூடினார்கள். டீச்சர், ஆபீசர், டைம்கீப்பர், அவள், கடையைச் சாத்திவிட்டு வந்த அவள் வீட்டுக்காரர். டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்தார். முகம் சரியில்லை.

"மூணு ஓசை எங்கெங்க இருக்குன்னு தேடச் சொன்னேன். முந்நூத்திப் பதினொரு தடவை இருக்கு."

"அடேயப்பா!" என்றார் ஆபீசர்.

"கேளுங்க சார்."

முதல் துண்டில் மூன்று ஓசை அழகாக வந்தது. அதன் பின்னால் ஒரு இருமல் வந்தது. இரண்டாவதில் மூன்று ஓசை முடிந்ததும் "வாடா, லேட்டாச்சு" என்று ஒரு குரல். மூன்றாவதில், விசிலடித்துவிட்டுக் காறித் துப்பினார் யாரோ; அது தன் குரல்தான் என்று டைம்கீப்பருக்குத் தெரிந்துவிட்டது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர்கள், மெக்கானிக்குகள், சதுப்போரமாகச் சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள், ரொட்டிக்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. கடைசி நிறுத்தத்தில் காசு போட்டுக் கற்றுக்கொண்ட மூன்று ஓசையை, குருவிக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று எல்லோரும் சுவரைத் தாண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆபீசர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "குருவியைத் தவிர ஊரே கூப்பிட்டிருக்கு!"

விசிலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது, பிடித்ததும் அவளேதான்.

"இதுல இருபத்தொண்ணு அக்காவோடது" என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல். "தினமும் அஞ்சு பத்துக்கு. இதோ, முழுப் பதிவையே போட்டு நேரத்தைக் காட்டறேன்."

இரைச்சலுக்குப் பிறகு அவளுடைய மூன்று ஓசை வந்தது. சந்தேகமே இல்லை, அவள்தான். ஆபீசர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். டீச்சர் மேல தப்பில்ல. நோட்டுல இருக்கறதே பொய்யா இருக்கலாம். மூணு வருஷமா மெல்லிசு சத்தம் எதுவும் எனக்குக் கேக்கறதில்ல. கேட்டேன் கேட்டேன்னு சொன்னேன். நெஜமா கேட்டுச்சா, நானா நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் பெட்டி வாங்கிக் கொடுத்தேன்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. அவமானம் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தாள். ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆபீசர் பையோடு அப்படியே நின்றுவிட்டார். டைம்கீப்பர் ஜன்னலிலிருந்து திரும்பினார். டீச்சரின் கை வாயைப் பொத்தியிருந்தது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதுக்கு அது வெறும் காற்று.

"என்னங்க, என்ன ஆச்சு?"

வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பதில் சொல்லுதும்மா."

"யாரு?"

"வேற யாரு? உன் ஒளிஞ்சான்தான்."

கம்ப்யூட்டர் மூன்று ஓசையை மட்டும் தேடி, அது முடிந்து இரண்டு நொடியிலேயே துண்டு போட்டிருக்கிறது. அதற்கப்புறம் வந்ததை யாரும் கேட்கவில்லை. டீச்சர் இன்னொரு தடவை ஓடவிட்டார். எல்லோர் முகமும் ஒரே நொடியில் மலர்ந்ததை அவள் பார்த்தாள். கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பது போலிருந்தது. சந்தோஷம்தான், ஆனால் அழுகை வந்தது. "எனக்குக் கேக்கலையே" என்றாள் குழந்தை மாதிரி.

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "டீச்சர், இதை மெதுவா ஓட்ட முடியுமா? வேகமா ஓடற கடிகாரத்தை மெதுவாக்கறதுதான் எங்க பொழைப்பு."

மெதுவானால் மெல்லிசு ஓசையும் தடித்துக் கேட்கும் என்று டீச்சர் அதை நாலு மடங்கு மெதுவாக்கினார். முதலில் அவளுடைய விசில், பழைய பஸ்ஸின் ஹாரன் மாதிரி கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த ஒன்றுமில்லாததின் கோடியிலிருந்து, நிதானமாக, வளைந்து வளைந்து ஏறி, ஒரு ஓசை வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வெளியிலிருந்து வந்தது. மண்டைக்குள் இருந்ததைவிட அது எவ்வளவோ அழகாக இருந்தது.

அன்று எல்லா விடியலையும் கேட்டார்கள். இருபத்தொன்றில் பதினான்கில் பதில் இருந்தது. மீதி ஏழில் நாணல் சும்மா இருந்திருக்கிறது. அந்த ஏழிலும் அவள் கேட்டதாகத்தான் நினைத்திருந்தாள். டீச்சர் நோட்டில் அதையும் உள்ளது உள்ளபடி எழுதினார். ஆபீசர் பையைக் கழற்றி வைத்துவிட்டு, மண் லாரிகளை நிறுத்தச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மறுநாளே டைம்கீப்பர் பின்சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்: "இங்கே விசிலடிக்கக் கூடாது." கீழே பொடி எழுத்தில், "அக்கா தவிர."

அதற்கப்புறம் விடியற்காலைகளில் இரண்டு டீ கிளாஸ். கடிகாரக்காரர் ஜென்மத்தில் ஐந்து மணிக்கு எழுந்தவரில்லை. அத்தனை அலாரத்தை வைத்துக்கொண்டு எட்டு வரை தூங்குகிறவர். இப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு கூடவே வருகிறார். பனி இறங்கியிருக்கும். அவள் மூன்று ஓசையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே நாலாவது கேட்கும். அதை இப்போது அவள் நம்புவதில்லை, விரட்டுவதும் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், விரல்கள் அவள் மணிக்கட்டின் மேல் சும்மா கிடக்கும். சில நாள் அப்படியே சும்மா இருந்துவிடும், முதல் டிரிப்புக்கு நேரமாகிவிடும். சில நாள், அவள் எதிர்பார்ப்பதை விட்ட பிறகு, அவர் விரல் மெல்ல அழுத்தும்.