போர்வெல் இல்லாத தெரு

மாசக் கடைசியில் சொந்த வீட்டு வரவு செலவே இடிக்கிற ஆளைக் கூப்பிட்டு, "ஊர்க் குட்டைக்கும் மரத்துக்கும் என்ன மதிப்புன்னு கேட்டுட்டு வா"ன்னு தெருவில் இறக்கிவிட்டா எப்படி இருக்கும்? அதுதாங்க என் உத்தியோகம். "ஒரே அஞ்சு நிமிஷம்"னு பொய் சொல்லிக் கதவைத் தட்டுற சர்வே பிழைப்பு உங்களுக்கும் வாய்ச்சிருந்தா வாங்க, சேர்ந்தே அழலாம்.

மைசூரில் கட்டடம், கடை, வண்டி எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. நிலத்தடித் தண்ணிக்கும் மர நிழலுக்கும் கிடையாது. அதையும் ஊர்ச் சொத்தா எழுதி, இந்த ஊர் வட்டியில் சாப்பிடுதா, முதலையே கரைச்சுக் குடிக்குதான்னு பார்க்கிறதுதான் நாங்க போடுற சூழல் பொருளாதாரக் கணக்கு. சொல்லும்போது நல்லாத்தான் இருக்கும். கேட்கப் போனாத்தான் சங்கதி தெரியும்.

என்ன ரேட்?

மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய மண்டி. வாசலில் பெரிய புங்க மரம். அந்த நிழலில்தான் மூட்டை இறங்கும், ஆட்டோ நிற்கும், டீ ஓடும். எங்க சர்வேயில் ஒரு கேள்வி உண்டு: "இந்த மரம் இங்கேயே இருக்கணும்னா வருஷத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" விலை இல்லாத பொருளுக்கு மதிப்புக் கண்டுபிடிக்க இது ஒரு வழியாம். கேட்கிற எனக்கே கூச்சமா இருக்கும்.

மண்டிக்காரர் தராசைத் துடைக்கிறதை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதிர்க்கடையை எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தணிச்சுச் சொன்னார்: "முதல்ல ஏலத்துல அவன் எவ்வளவு கேட்டான்னு சொல்லும்மா, அதுக்கு மேல நான் கேட்கிறேன்."

எங்க வீட்லயா?

ஊர் ஓரத்தில் ஒரு குட்டை. அதைச் சுத்தி இருக்கிறதில் பாதி வீடு நம்ம தமிழ் ஆளுங்களோடது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர், ராமாபுரம் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஆளுக்கொரு வீடு எழுப்பினவங்க. நானும் ராமாபுரந்தான். மழைத்தண்ணி குட்டையில் நின்னு, மண்ணுக்குள் ஊறி, இவங்க போர்வெல்லுக்குத்தான் போகுது. குட்டை போனா போர்வெல்லும் போச்சு, அப்புறம் டேங்கர் லாரி பின்னாடி குடத்தோட ஓட வேண்டியதுதான். எத்தனை போர்வெல் ஓடுதுன்னு தெரிஞ்சா குட்டையோட மதிப்பு தெரிஞ்சிடும்.

தெரு பூரா தட்டினேன். ஒரு வீட்டிலயும் போர்வெல் இல்லையாம்! கழுத்தில் தொங்கின அடையாள அட்டையைப் பார்த்ததும், வரி போட வந்தவள்னு முடிவு கட்டிட்டாங்க. செல்வியக்கா எங்க ஊர்க்காரி, சென்ட்ரிங் மேஸ்திரி சம்சாரம். ஆசையாக் காபி கொடுத்தாங்க. போர்வெல்னு வாயைத் திறந்ததும் முகம் மாறிப்போச்சு. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி என் தலைமேலயே தண்ணி கொட்டுது. "இது என்னக்கா?"ன்னேன். வெயில் மண்டையைப் பிளக்குது, அக்கா அசரலை: "மழைத்தண்ணிங் கண்ணு, போன வாரம் பேஞ்சது இன்னும் வடியுது."

காலி இடம்

இந்த சர்வேயை நடத்துற எங்க மேடம் கன்னடக்காரங்க. தங்கமான மனுஷி, ஆனா ஆதாரம் இல்லாம ஒரு புள்ளி வைக்க மாட்டாங்க. குட்டையை மூடி வண்டி நிறுத்த இடம் பண்ணலாம்னு மாநகராட்சியில் ஒரு யோசனை ஏற்கெனவே ஓடிட்டிருந்தது. எங்க கணக்கில் "பயன் பெறுவோர் யாருமில்லை"ன்னு போனா அது வெறும் காலி இடம். மண்ணு லாரி வர வேண்டியதுதான் பாக்கி.

வரிக்குப் பயந்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கறாங்களே! விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். "தசரா லீவு முடியற வரைக்கும் டைம் கொடுங்க மேடம், பதில் வாங்காம திரும்ப மாட்டேன்"னு மேஜை முன்னால் நின்னேன். மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. "நோடம்மா, வேலை நாள்லயே திறக்காத கதவு லீவு நாள்லயா திறக்கும்?"

ஒரு பிடி பொரி

ஆயுத பூஜை அன்னிக்கு மைசூரில் எந்தக் கதவுங்க மூடியிருக்கு? லாரி முதல் மிக்ஸி வரைக்கும் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சிடுவாங்க. எதை நம்பிப் பிழைக்கிறோமோ அதுக்கு ஒரு பூ வைக்காம விட நம்ம சனத்துக்கு மனசு வராது. அதை நம்பித்தான், அட்டையை வீட்டிலயே வெச்சுட்டு, நல்ல புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

செல்வியக்கா வாசலில் மேஸ்திரியோட சுத்தியல், ரசமட்டம், பைக் எல்லாம் சந்தனம் குங்குமத்தோட வரிசையா இருந்தது. "பொரி எடுத்துக்க கண்ணு"ன்னாங்க. எடுத்துக்கிட்டே மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன். போன தடவை அங்கே எதையோ மூடியிருந்த சாக்கைக் காணோம். போர்வெல் குழாய்க்கும் சுவிட்ச் பெட்டிக்கும் கை தண்டி செவ்வந்தி மாலை! எதிர்வீட்டிலும் அப்படியே, பக்கத்து வீட்டிலும் அப்படியே. இல்லாத போர்வெல்லெல்லாம் மாலையும் கழுத்துமா நிக்குது.

சிரிப்பை முழுங்கிட்டு உட்கார்ந்தேன். "அக்கா, குட்டையை மூடப் போறாங்க. மூடினா அடுத்த பூஜைக்கு இந்தக் குழாயில் காத்துதான் வரும். எனக்குப் பேரும் வேண்டாம், கதவு நம்பரும் வேண்டாம். இந்தத் தெரு குட்டையை நம்பித்தான் தண்ணி குடிக்குதுன்னு மட்டும் எழுதணும்"னேன். அக்கா மேஸ்திரியைப் பார்த்தாங்க. அவர் தலையைச் சொறிஞ்சார். சட்டுனு எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாங்க அக்கா: "ஏனுங், அல்லாரும் இங்க வாங்க! சாமின்னு மாலையைப் போட்டுப்போட்டு இல்லைன்னா நாக்கு அழுகிப்போகும், உள்ளதைச் சொல்லிப்போடுங்க!"

யார் கட்டுறது?

குட்டை ஊர்ச் சொத்தா எங்க கணக்கில் ஏறிடுச்சு. அதைப் பார்த்துட்டு மாநகராட்சியில் வண்டிக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிட்டாங்க. சந்தோஷம் தாங்காம நானே ஓடிப் போய்ச் சொன்னேன். செல்வியக்கா கண்ணு கலங்கிடுச்சு, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த நிமிஷமே குரல் மாறிடுச்சு: "சந்தோசங் கண்ணு. ஆனா நாளைக்கு எவனாச்சும் வரின்னு வந்தான்னா, மழைத்தண்ணின்னு நீதான் வந்து சொல்லோணும்."

இந்த ஊர் எத்தனை காலம் தாங்கும்னு கணக்குப் போட என்னென்னமோ படிச்சேங்க, கடைசியில் கை கொடுத்தது என்னவோ ஒரு பிடி பொரியும் ஒரு முழம் செவ்வந்தியுந்தான்.