கோட்டுக்குள் சிவப்பு நூல்

என் கறுப்புக் கோட்டின் உள்துணியில், இடது மார்புப் பக்கம், நான்கைந்து இழை சிவப்பு நூல் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் துணியைச் சிவப்பு நூலால் தைக்கக்கூடியவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். அப்பாவின் அக்கா. எனக்கு அத்தை.

உயர்தரப் பரீட்சை முடித்து ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான், விமானப் பணிப்பெண் வேலைக்குக் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நேர்முகப் பரீட்சை வைக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். குதிகாலை உயர்த்தினால் விரல் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீற்றரைத் தொட வேண்டுமாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவின் சுவரில் அடுப்புக்கரியால் கோடு கிழித்துத் தினமும் எம்பினேன். பல் தெரியச் சிரித்துப் பழகினேன். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போய்க் கையில் வாங்கிய கீறல்களுக்குக் கற்றாழை தேய்த்தேன். அத்தனையையும் அத்தை வாசற்படியில் நின்று, கடையில் திருட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லையும் பார்ப்பாங்களா புள்ள?"

"ஆமா அத்த."

"கையில தழும்பு?"

"அதையும்தான்."

"என்னையும் அப்படித்தான் பாத்தாங்க. காசு கேட்டாங்களா?"

"ஒரு சதம் கேக்கல."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. எங்கிட்டயும் கேக்கல."

அத்தை அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். இரண்டு வருடம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பினார். பாஸ்போட் அந்த வீட்டுக்காரரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பெற்ற தாயின் சாவுக்குக்கூட வர முடியவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துத் தோட்டத்துச் சங்கதியைக் கேட்பதுபோலத்தான் கேட்டிருந்தேன்.

எனக்கோ அத்தை மேலேயே சந்தேகம். தான் அழுதுகொண்டு போன வானத்தில் நான் உதட்டுச் சாயத்தோடு போவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். சான்றிதழ்களும் பாஸ்போட்டும் வைத்திருந்த என் ஃபைல் ஒருநாள் இடம் மாறிக் கிடந்தது. பையின் முடிச்சு நான் போட்ட முடிச்சு அல்ல. ஃபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். பயணத்தன்று அத்தை காட்டிய கரிசனம் இன்னும் அதிகமாக உறுத்தியது. "குளுருது, கோட்ட மாட்டிக்கிட்டே போ, கழட்டாத" என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் கினிகத்தேனை ஊரைத் தாண்டியதும் ஃபைலைத் திறந்தேன். பாஸ்போட் இல்லை. நினைத்தது சரியாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. உடனே போன் எடுத்தேன்.

"ஒங்க வாழ்க்கதான் நாசமாப் போச்சு. என்னோடதையும் கெடுக்கணுமா?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை சாதாரணமாகச் சொன்னார்.

"கோட்டு உள்ளுக்குக் கைய வச்சுப் பாரு. கேட்டா காட்டு. குடுக்காத."

தொட்டுப் பார்த்தேன். பாஸ்போட் உள்துணிக்குள் வைத்து நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. நடைபாதையில் வாங்கிய பழைய கோட், அதன் விறைப்பே அப்படி என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. மன்னிப்புக் கேட்காமலே போனை வைத்தேன்.

மறுநாள் ஹோட்டலில் ஒரு பெண் பிளாஸ்டிக் தட்டோடு வந்து, கொப்பி எடுப்பதற்காக எல்லோருடைய பாஸ்போட்டையும் சேகரித்தார். நானும் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து எடுத்தேன். ஆனால் என் கை அதை விடவில்லை. நாள் முழுக்கப் போட்டோகொப்பி எடுத்தவள் நான். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும், நானும் கூட வரலாமா என்று, ஒத்திகை பார்க்காத ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இன்றுவரை தெரியாது. கூட வர மட்டும் விட்டார்.

வேலை கிடைத்தது. இப்போது வளைகுடாப் பயணங்களில் பின்வரிசைகளில் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி இருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தி இருக்கைப் பட்டியைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினாள். அவள் கையில் கொழுந்துக் கீறல்கள். அவளை வேலைக்கு அழைத்துப் போகிறவன் போலிருந்த ஒருவன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, "பாஸ்போட்ட எங்கிட்ட குடுங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று கை நீட்டினான். சீட்டில் உட்காரச் சொல்லி அவனை அனுப்பினேன். பட்டியைப் பூட்டிவிடக் குனிந்தபோது, பழகிய சிரிப்பு என் முகத்தில் இல்லை.

"கேட்டா காட்டுங்க. குடுக்காதீங்க" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பாஸ்போட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் நான் சொன்னதை அத்தை இதுவரை ஒரு தடவைகூடக் கிளறியதில்லை. ஒவ்வொரு முறை நான் தரையிறங்கியதும் போனில் ஒன்றை மட்டும் கேட்பார்: "பாஸ்போட்டு ஒங்கிட்டதான இருக்கு?" அறையில் தொங்கும் கோட்டில் அந்தச் சிவப்பு நூலை விரலால் தடவிக்கொண்டே, "எங்கிட்டதான் அத்த" என்பேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய இன்னொரு வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அதற்குள் அத்தை போனை வைத்துவிடுவார்.