முப்பத்தெட்டு குளிர்காலமும் ஒரு வாளி சிமெண்டும்

சிக்னெட் ஊரில் க்ளைவ் டில்யார்ட் கட்டிய எதுவும் இதுவரை விழுந்ததில்லை. ஹூவான் ஆற்றங்கரையில் நாற்பது வருடம் படகுத்துறை கட்டியவர். வீட்டுக் கோழிக்கூண்டைக்கூட வெள்ளம் வந்தால் தாங்கும்படி கட்டினார். கோழிகள் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் கூண்டு அப்படியே நிற்கிறது.

வரவேற்பறைக் கணப்பைச் சுற்றியிருந்த கல்சுவரும் அவர் வேலைதான். கல்யாணமான புதிதில், பழைய செங்கல் அழகாயில்லை என்று ஆற்றுக்கல்லை டிராக்டரில் ஏற்றிவந்து அதன் மேல் தரையிலிருந்து கூரைவரை பதித்தார். வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு குறை. அதற்குப் பிறகு நெருப்பு மூட்டினால் புகை மேலே போகாமல் அறைக்குள் வந்தது.

"தென்மேற்குக் காத்து, நோலீன். மலையில இருந்து நேரா நம்ம கூரை மேலதான் இறங்குது. நான் என்ன பண்ண?" என்பார் மனைவியிடம்.

விறகு வைக்க ஆசையாக வாங்கிய பிரம்புக்கூடையில் நோலீன் கம்பளி நூலைப் போட்டு வைத்தார். முப்பத்தெட்டு குளிர்காலம் மின்சார ஹீட்டர் முன்னால், மடியில் போர்வையோடு ஸ்வெட்டர் பின்னினார். இந்த வருடம் ஏப்ரலில் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஜூன்ல குளிர் வந்துடும், அதுக்குள்ள இதுல நெருப்பு எரியணும். இல்லன்னா பலகை அடிச்சு மூடிடு. இந்த ஓட்டையப் பாத்துப் பாத்து ஏங்க இனிமே என்னால ஆகாது."

"உள்ள என்னன்னு பாக்கணும்னா கல்லப் பேத்து எடுக்கணுமே?"

"அத மொதல்ல பண்ணு. எனக்கு என்னைக்குமே பிடிச்சதில்ல."

இதை அவர் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் சொன்னதில்லை. க்ளைவ் அன்று இரண்டாவது டீ கேட்கவில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு பெவன் சம்மட்டியோடு வந்தார். படகுத்துறையில் க்ளைவோடு வேலை பார்த்தவர். கூலி கிடையாது, மத்தியானம் ரொட்டியில் வைத்த சாஸேஜ், சாயங்காலம் பீர், அவ்வளவுதான். முதல் கல் வருவதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

"டேய், இது வீடா பாலமா? கப்பல் வந்து இடிச்சாலும் கப்பலுக்குத்தான்டா சேதம்," என்றார் பெவன்.

"கலவை கம்மியாப் போட்டா நிக்காதுடா."

"நின்னது போதும். விழச் சொல்லு."

மூன்று சனிக்கிழமை போயின. மூன்றாவது வாரம், நோலீன் மாதர் சங்கத்துக்கு ஜாம் கிண்டப் போயிருந்தபோது, கணப்பின் வாய்க்கு மேலிருந்த கற்கள் பெயர்ந்தன. பெவன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். புகைபோக்கியின் கழுத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, கரி பிடித்து, ரொட்டி அளவில் ஒரு சிமெண்ட் கட்டி உட்கார்ந்திருந்தது.

படகுத்துறை ஆட்கள் கலந்த சிமெண்டை வீணாக்க மாட்டார்கள். மீந்தால், பக்கத்தில் எந்தப் பள்ளம் இருக்கிறதோ அதில் ஊற்றிவிடுவார்கள். அன்று கடைசி வாளியைக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கவிழ்த்தது க்ளைவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அது பழைய செங்கல்லின் இடுக்கு வழியே புகைபோக்கிக்குள் இறங்கியிருந்தது.

"அடேயப்பா," என்றார் பெவன். "தென்மேற்குக் காத்து நல்லா இறுகிப்போச்சுடா."

க்ளைவ் உளியால் அதைப் பெயர்த்தெடுத்தார்.

"ஆத்துல போட்டுடலாம். நோலீன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

க்ளைவ் கட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, சமையல் மேடையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தார். பெவன் பீரைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நோலீன் ஜாம் பாட்டில்களோடு உள்ளே வந்தார்.

"என்னய்யா இது?"

"காத்துன்னு சொன்னேனே. அது இதுதான். நான்தான் ஊத்துனேன்."

நோலீன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கையெல்லாம் கரி.

"இதுக்காக எத்தன ஸ்வெட்டர் பின்னியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். எல்லாத்தையும் போட்டது நான்தானே."

நோலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "போ, போய்க் கையக் கழுவு. சூப்பு சூடு பண்றேன்."

புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்து பார்த்து, எரிக்கலாம் என்றார். கல் பெயர்ந்த இடங்களில் செங்கல் பொக்கை பொக்கையாக இருந்தது. பூசிவிடுகிறேன் என்று கிளம்பிய க்ளைவை நோலீன் தடுத்தார்: "நீ சிமெண்டத் தொடாத."

ஜூன் முதல் வாரம் மலையில் பனி விழுந்தது. நூலெல்லாம் அலமாரிக்குப் போக, கூடையில் விறகு ஏறியது. நோலீனே தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். புகை ஒரு கணம் தயங்கி, பிறகு நேராக மேலே போயிற்று. வெளியே காற்றில் கூரைத் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நோலீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காலை நீட்டினார்.

"இன்னைக்குக் காத்து எப்படி, க்ளைவ்?"

"தென்மேற்கு," என்றார் அவர், அடுத்த விறகை எடுத்துக் கொடுத்தபடி. "பலமாத்தான் அடிக்குது."