கோவித்துக்கொண்டு வந்தவன்

திருச்சுழி தாண்டி, குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிவிட்டுக் கலங்கல் தெளியக் காத்திருந்தேன். கூடாரமெல்லாம் இல்லை; கருவேல நிழலில் ஒரு போர்வை, மூன்று கல் கூட்டிய அடுப்பு. இரண்டு நாள் தங்குவதற்காக அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி வந்திருந்தேன்.

ஆடு மேய்க்க வந்த பெண் நின்று பார்த்தாள். எங்கள் பக்கம் ஆற்றுக்குள் தனியாகச் சோறு பொங்குகிறவன் வீட்டில் கோவித்துக்கொண்டு வந்தவனாகத்தான் இருப்பான்.

"சண்டைன்னா ஆத்துக்குள்ளயா வந்து உக்காருறது? வீட்டுக்குப் போங்கண்ணே. தேடுவாக."

எரிச்சலாக வந்தது. சும்மா தங்க வந்தேன் என்றால் நம்பவா போகிறாள்? "வெயில் தாழட்டும், போறேன்" என்றேன்.

அவள் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். வெயில் தாழ்ந்ததும், சொன்னபடி போர்வையைச் சுருட்டினேன். வீட்டில் தேட ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் விரித்துவிட்டேன்.