கடைசி வரியிலை போன இயேசு

கொப்பி மெசினுக்கு முன்னாலை நிண்டு கால் கடுத்த சகோதரங்களே, எங்கட தொழிலுக்கு ஒரே சட்டம்தான்: தாளைப் பார், வாசிக்காதை. தொண்ணூறுகளிலை ரொறன்ரோவிலை, கம்பஸுக்குப் பக்கத்துக் கடையொண்டிலை, நான் அந்தச் சட்டத்தை மீறினன்.

எத்தனை இயேசு?

கடைக்குக் கொப்பி எடுக்க வாற சுகந்தி அக்காவுக்குக் காலமை பார்க்டேலிலை டோனட் கடை வேலை, பின்னேரம் ஆராய்ச்சி. ஆதித் திருச்சபையின்ர எழுத்தாளர்கள் மானி எண்ட பழைய பாரசீகத் தீர்க்கதரிசியின்ர மதத்தார் கும்பிட்ட இயேசுவை எப்பிடிக் காட்டிச்சினம் எண்டதுதான் தலைப்பு. முதல் அத்தியாயத்தைக் கொப்பி அடிக்கேக்கை கண் எழுத்திலை போயிட்டுது. ஒரு இயேசு சூரியனிலையும் சந்திரனிலையும் இருக்கிறார். ஒருத்தர் மெய்யான உடம்பில்லாமல் வந்தவர். இன்னொருத்தர் ஒளியாய் ஒவ்வொரு மரத்திலையும் தொங்கி, ஒவ்வொரு பழத்துக்குள்ளையும் நோகிறார். ‘உங்களுக்கு மொத்தம் எத்தனை இயேசு?’ எண்டு திருச்சபைக்காரர் நக்கலடிச்சிருக்கினம். சைவக்காரன் எனக்கெண்டால் உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

“உண்மையிலை இப்பிடியே நம்பினவை, அக்கா?” எண்டு கேட்டன்.

“எங்களிட்டைக் கிடக்கிறதிலை கனக்க எதிராளி எழுதினது, தம்பி. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் சேர்ந்து நக்கலடிச்ச மாதிரி.”

கீழ்ப்பக்கம்

முழு ஆய்வும் ஐஞ்சு பிரதி வேணும். அண்டைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்குள்ளை கம்பஸிலை குடுக்காட்டி, அவவுக்கு இன்னொரு தவணை வீணாய்ப் போகும். மலிவாய்க் கிடைச்ச நீளத் தாளிலை பிரிண்ட் எடுத்திருந்தா. சின்னத் தாளுக்குக் குறைச்சு அடிக்கச் சொன்னவ. நான் வாசிச்ச சந்தோசத்திலை குறைக்க மறந்துபோனன். எல்லாத்தையும் கட்டி முடிச்சாப் பிறகுதான் பார்க்கிறன், தாளின்ர அடி வெட்டுப்பட்டு ஒரு பக்கத்திலையும் அடிக்குறிப்பு இல்லை!

‘இது எதிராளி சொன்னது, நையாண்டிக்குச் சொன்னது’ எண்டு அக்கா பார்த்துப் பார்த்து எழுதினது முழுக்க அங்கைதான் கிடந்தது. இப்ப வாசிச்சால், அவவே அந்தச் சனத்தைப் பழிக்கிற மாதிரி. அக்கா ஏசேல்லை. தாளின்ர அடியைத் தடவிப்போட்டுச் சொன்னா:

“ஆயிரத்தைஞ்ஞூறு வருசத்துக்கு முந்தி மானிச் சனத்துக்கு நடந்ததை, நீர் ஒரு மத்தியானத்திலை செய்து போட்டீர், தம்பி.”

அப்பிள்

குறைச்சுத் திரும்ப அடிக்க மூண்டு மெசினையும் ஓடவிட்டன். வந்த ஆக்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லித் திருப்பினன். ஐஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் கிடக்கேக்கை அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினா.

அரை மணித்தியாலத்தாலை திரும்பி வந்து, “குடுத்தாச்சு” எண்டு ஒரு அப்பிளை நீட்டினா. காலமையிலை இருந்து நான் ஒண்டும் சாப்பிடேல்லை. எண்டாலும் கடிக்க மனம் வரேல்லை. உள்ளுக்கை ஒருத்தர் நோகிறாரெல்லே! அக்கா சிரிச்சா.

“அவையின்ர துறவியள் சாப்பிட்டால் அந்த ஒளிக்கு விடுதலை எண்டு நம்பினவை. நீர் துறவியில்லை, பசிக்காரன், பயப்பிடாமல் சாப்பிடும்.”

அண்டையிலை இருந்து நான் எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் பார்த்துத்தான் அடிக்கிறன், அப்பிளை மட்டும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்டுத்தான் கடிக்கிறன்.