அப்பா பேசிய உருது

துபாயில் டாக்ஸி ஓட்டுநர் தன் வீட்டாரோடு போனில் உருது பேசிக்கொண்டு வந்தார். எனக்குக் குடவாசல் ராவுத்தர் கடையின் புளி வாசனை நினைவில் எழுந்தது.

அப்பா பட்டாளத்தில் இருந்தபோது போரில் பிடிபட்டு, பாகிஸ்தானில் ஏறக்குறைய ஒரு வருஷம் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியபின் அதைப் பற்றி வாய் திறந்ததேயில்லை. சிந்திய பருக்கையைக்கூட எடுத்துச் சாப்பிடுவார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது அண்ணன் ஷார்ஜாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். ஒருநாள் அங்கிருந்து ராவுத்தர் கடைக்குப் போன் வந்தது. நடவு வயலில் நின்ற அப்பாவை ஆள் விட்டு அழைத்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"யாரோ உருதுல பேசுறாருங்க. உங்க பையன் பேரு மட்டுந்தான் எனக்குப் புரியுது," என்றார் ராவுத்தர்.

சேற்றுக் காலோடு அப்பா ரிசீவரை வாங்கினார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு, நாங்கள் அவர் வாயால் கேட்டேயிராத அந்த மொழி தடையில்லாமல் வந்தது.

"பையன் சாரத்துலேர்ந்து விழுந்து ரெண்டு கையும் ஒடிஞ்சிருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல," என்றார் ரிசீவரை வைத்துவிட்டு. "கூடத் தங்கியிருக்கற பாகிஸ்தான் பையன்தான் சோறு ஊட்டுறானாம்."

வீடு திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதார்.

"எனக்குக் கையில குண்டடி பட்டிருந்தப்ப, அங்க ஒரு காவக்காரர் ஊட்டிவிட்டாரும்மா. இங்க வந்து சொன்னா எதிரி கையால தின்னவன்னுதான் பேசுவாங்க."

"அவர் பேரென்னப்பா?"

"அன்வர்," என்றார் அப்பா. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.